அழைப்பிதழில் 'துணைவியார்' போடலாமா, 'இணையர்' போடலாமா?

செம்பருத்தி:
அடுத்த மாதம் தம்பிக்குத் திருமணம். "வாழ்க்கைத் துணைவியாக ஏற்கும்" என்று அப்பா எழுதிக் கொடுத்த வாசகத்தோடு அழைப்பிதழ் மெய்ப்பு வந்தது. மணப்பெண் பார்த்துவிட்டு, "நான் என்ன துணை நடிகையா? இணையர் என்று போடச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. நான் அவள் பக்கம். துணை ஆட்சியர், துணைத் தலைவர், துணைப்பாடம் என்று எதை எடுத்தாலும் முதலாவதாக ஒன்று இருக்கிறது, துணை அதற்குப் பின்னால்தானே வருகிறது? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாணல்காட்டான்:
அதே அழைப்பிதழின் உச்சியில் 'முருகன் துணை' என்று போட்டிருப்பீர்கள். முருகன் உங்களுக்கு உதவியாளரா? லாரி நெற்றியில் 'அங்காளம்மன் துணை' என்று எழுதுகிறவர் அம்மனைக் கிளீனர் வேலைக்கா வைத்திருக்கிறார்? வேலூர்ப் பக்கம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்றுதான் பெயர். இருட்டில் தனியாகப் போகப் பயந்தால் "துணைக்கு வா" என்று கூப்பிடுகிறோம். கூப்பிடுகிறவர்தான் அங்கே பலவீனர். பதவிப் பெயர்களை வைத்துச் சொல்லுக்கு விலை போடாதீர்கள். அப்படியே போட்டாலும், பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துகிறவர் துணைவேந்தர்தான். வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வந்துபோவார்.

தோழர் இனியன்:
சாமிக்குச் சொல்வது வேறு, சம்சாரத்துக்குச் சொல்வது வேறு. திருக்குறள் 6-ஆம் அதிகாரம் 'வாழ்க்கைத் துணைநலம்'. அங்கே துணை யார்? மனைவி மட்டும். முதல் குறளே "தற்கொண்டான் வளத்தக்காள் வாழ்க்கைத் துணை" என்கிறது. அவன் வருவாய்க்குத் தக்கபடி அவள் குடும்பம் நடத்த வேண்டும். அதே அதிகாரத்தில்தான் "கொழுநன் தொழுதெழுவாள்" வருகிறது. தொழுது எழுகிறவளுக்குக் கொடுத்த பெயரை இன்றைக்குப் படித்து, சம்பாதித்து, பாதிக் கல்யாணச் செலவை ஏற்கிற பெண்ணுக்கு வைத்தால் அவள் கேட்கத்தான் செய்வாள்.

நாணல்காட்டான்:
ஒரு அதிகாரம் முன்னால் போங்கள் தோழர். 5-ஆம் அதிகாரம், குறள் 41: "இல்வாழ்வான் என்பான் இயல்புடைய மூவர்க்கும் நல்லாற்றின் நின்ற துணை." அடுத்த குறளிலும் அவனையே துணை என்கிறார். இல்வாழ்வான் ஆண்தானே? துறந்தவர், இல்லாதவர், இறந்தவர் எல்லோருக்கும் அவன் துணை. அதனால் அவன் அவர்களுக்குக் கீழே போய்விட்டானா?

தோழர் இனியன்:
சரியான இடத்தைத்தான் எடுத்தீர்கள், நன்றி. அவன் ஊருக்குத் துணை, அவள் அவனுக்குத் துணை. கணவனை மனைவிக்குத் துணை என்று சொல்லும் குறள் ஒன்று அந்த இரண்டு அதிகாரத்திலும் இருந்தால் காட்டுங்கள். அப்புறம், செய்தித்தாள்களில் ஒரு வழக்கம் இருந்ததை மறந்துவிட்டீர்களா? அரசியல்வாதி ஒருவருக்கு மனைவி ஒருவர், துணைவி ஒருவர் என்று பிரித்து எழுதினார்கள். அந்தப் பிரிவில் 'துணைவி' எந்தத் தட்டில் இருந்தது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

மெய்ப்புக்காரன்:
இருபது வருடமாக அச்சகத்தில் இருக்கிறேன். சண்டையில் இறங்கவில்லை, நடப்பைச் சொல்கிறேன். 'துணைவியார்' கேட்பவர்கள் எல்லாம் அவரவர் அப்பா அம்மா பெயருக்குக் கேட்கிறார்கள்: "திரு. இன்னார், துணைவியார் திருமதி இன்னார்". மரியாதைக்காகத்தான். 'மனைவி' என்று அச்சடித்தால் மொட்டையாக இருக்கிறதாம். 'இணையேற்பு விழா' என்று வருபவர்கள் பெரும்பாலும் இயக்கக் குடும்பங்கள். அவர்களுக்கு நான் பிள்ளையார் படம் வைப்பதில்லை, மஞ்சள் தடவுவதும் இல்லை. இரண்டு தரப்பிலும் சாப்பாட்டு நேரத்தைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்கள்.

வடமராட்சியான்:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பிரதி அமைச்சர், பிரதிப் பணிப்பாளர் என்றுதான் பதவிகள். அதனால் துணை என்ற சொல்லில் அந்த அலுவலக வாடை உங்கள் அளவுக்கு ஏறவில்லை. சுகமில்லாத ஆளோடு ஆசுபத்திரிக்குப் போகிறவர் துணை, அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பதவிப் பலகையைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லுக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செம்பருத்தி:
ஆனால் அழைப்பிதழைப் படிக்கப் போகிறவர்கள் தமிழ்நாட்டில்தானே அண்ணா இருக்கிறார்கள்? இங்கே துணை இயக்குநருக்கு மேலே இணை இயக்குநர். காவல் துறையிலும் துணை ஆணையருக்கு மேலேதான் இணை ஆணையர். சாதாரண ஆளின் காதில் இணை உயரமாகத்தான் விழுகிறது.

நாணல்காட்டான்:
இப்போது நீங்களே பதவி அளவுகோலை நீட்டியதால் கேட்கிறேன். மத்திய இணையமைச்சர் கேபினட் அமைச்சருக்குச் சமமா? இணைப் பேராசிரியர் பேராசிரியருக்குச் சமமா? உங்கள் அளவுகோலில் இணையும் இரண்டாம் படிதான்! பழைய தமிழில் துணைக்கே இணை என்ற பொருளும் உண்டு. அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தில் "பொற்றுணைத் திருந்தடி" என்பது இரண்டு பொன்னடிகள். இடது கால் வலது காலுக்கு உதவியாளர் இல்லை. அதே பாட்டில் "சொற்றுணை", "கற்றுணை", "நற்றுணை" என்று இன்னும் மூன்று துணை. கடலில் தள்ளும்போது கட்டிய கல்லும் துணை, கரை சேர்த்த நாமமும் துணை. வள்ளுவரிடம் "தினைத்துணை", "பனைத்துணை" என்று வரும்போது அது வெறும் அளவு. இவ்வளவு அகலமான சொல்லை 'டெபுடி' என்ற ஒற்றை அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறீர்கள்.

தோழர் இனியன்:
அப்பர் காலத்துப் பொருள் அழகாகத்தான் இருக்கிறது. 'நாற்றம்' என்றாலும் அன்றைக்கு நறுமணம்தான். அதற்காக மணப்பெண்ணிடம் "உன் நாற்றம் அருமை" என்பீர்களா?

நாணல்காட்டான்:
நாற்றம் கெட்டுப்போன சொல். துணை கெட்டுவிட்டதா? பேச்சுத்துணை, வழித்துணை, உறுதுணை இவற்றில் எதைக் கேட்டு முகம் சுளிக்கிறீர்கள்? மாற்றாக என்ன இருக்கிறது, பார்ப்போம். நட்பு, தோழமை என்றால் கல்யாணத்துக்குப் போதாது. கேண்மை புத்தகத்தை விட்டு வெளியே வராது. கூட்டு என்றால் சாம்பாருக்குப் பக்கத்தில் வைப்பது. சேர்க்கை, சகவாசம் இரண்டையும் 'சரியில்லை' என்ற சொல்லோடுதான் அம்மாக்கள் சொல்வார்கள்.

தேன்சிட்டு:
நடுவில் ஒன்று. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தம் துணை, இணை இரண்டையும் கேட்கவில்லை. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் கணவராக, மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் அறிவிக்கலாம். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். ஆக, 'மனைவி' என்ற சொல்லிலேயே சட்டத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது.

தோழர் இனியன்:
மனைக்கு உரியவள் மனைவி. மனைக்கு உரியவன் என்று ஆணுக்கு ஒரு சொல் புழங்குகிறதா? இணையர் என்றால் அந்தத் தொல்லையே இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்.

நாணல்காட்டான்:
ஒரே சொல் என்பதுதான் குழப்பமே. "இணையருக்கு வாழ்த்துகள்" என்று எழுதினால் பெண்ணுக்கா, இரண்டு பேருக்குமா? பொதுச் சொல்தான் வேண்டும் என்றால் 'துணைவர்' இருக்கிறது, அதை இருவருக்கும் போடுங்கள்.

தோழர் இனியன்:
போடலாம். மாப்பிள்ளையை "மணமகளின் துணைவர்" என்று அச்சடித்த அழைப்பிதழ் ஒன்றைக் காட்டுங்கள், நான் இந்த இழையை விட்டே போய்விடுகிறேன்.

மெய்ப்புக்காரன்:
நான் அடித்ததில்லை.

வடமராட்சியான்:
எங்கட வீடுகளில் 'மனுசன்', 'மனுசி' என்றுதான் கதைக்கிறது. இரண்டும் ஒரே மட்டம். அதைப் போட்டால் என்ன?

நாணல்காட்டான்:
போட்டால் செம்பருத்தியின் அப்பா மண்டபத்துக்கே வரமாட்டார்.

தோழர் இனியன்:
எனக்குச் சம்மதம். முதலில் அந்தத் துணைவியை எடுங்கள்.