மருந்தை நிறுத்தினால் மறுபடி சாகிற பங்காஸ் மீன்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் குளத்துப் பங்காஸ் மீன்களுக்கு எட்வர்ட்சியெல்லா டார்டா என்ற பாக்டீரியாவின் தொற்று என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் வெள்ளை முடிச்சுகள். மருந்து கலந்த தீவனம் போட்டதும் சாவு நின்றது. நிறுத்திய இரண்டே வாரத்தில் மறுபடி மிதக்கின்றன.

கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய ரத்த வெள்ளணுவுக்குள்ளேயே இது தங்கிப் பெருகும் என்று படித்தேன். கிருமியைக் கொல்ல அங்கே சுரக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக்கூட கேட்டலேஸ் என்ற நொதியால் உடைத்துவிடுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் பதுங்கின கதைதான்.

வெள்ளணுவுக்குள் புகுந்து வேலை செய்கிற மருந்து எது? அப்புறம், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிக்க மீனை எப்படி ஐஸில் வைத்து அனுப்புவது? தினமும் சாகிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.