டீசல் பிக்கப்பில் டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

களக்காட்டு வாழை:

வணக்கம். எனக்குக் களக்காடு பக்கம். சொந்த வாழை உண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் தார்களையும் வாங்கி மண்டிக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன். போன வருடம் கடன் போட்டு ஒரு டீசல் பிக்கப் எடுத்தேன். பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த வண்டி, 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

நாலு மாதமாக ஒரே தொல்லை. மீட்டரில் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு படம் மஞ்சளாக எரியும். இரண்டு நாளில் இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் வண்டி இழுக்காது, முழுக்க மிதித்தாலும் 40-ஐத் தாண்டாது. சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டி, நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை முறுக்கி, புகைக்கரியை எரித்துக் கொடுக்கிறார்கள். மூன்று முறை ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் தாங்குகிறது. இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டுமாம், நான் ஓட்டிய விதம் சரியில்லையாம், அதனால் வாரண்டி கிடையாதாம். ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள்.

என் ஓட்டமெல்லாம் தோட்டத்திலிருந்து களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடிதான். ஒரு நடை 10, 12 கிலோமீட்டர். நாளைக்கு நாலைந்து நடை.

வெளியே ஒரு மெக்கானிக் ஃபில்டரை உள்ளே உடைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் மாற்றி எழுதித் தருகிறேன், 25,000 போதும் என்கிறார். செய்யலாமா? வெட்டிய தார் காத்திருக்காது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பட்டறை:

அண்ணாச்சி, அவசரப்பட்டு எதையும் உடைக்க வேண்டாம், மாற்றவும் வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். லோடு ஏற்றும்போது இன்ஜினை அணைப்பீர்களா? கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறவிட்டு, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு எங்கே நிற்கிறது?

களக்காட்டு வாழை:

அணைப்பதில்லை தம்பி. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் டீசல் அதிகம் குடிக்கும் என்று நினைத்து ஓடவிட்டே வைப்பேன். ஏற்ற அரை மணி, சில நாள் முக்கால் மணி ஆகும். ஆயில், டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்ததையே போன முறை ஊற்றினோம். குச்சியை இப்போதுதான் பார்த்தேன். மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறது. டீசல் வாடை வருகிறது.

பாளை பட்டறை:

விஷயம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஒன்று: அந்த ஆயிலோடு இனி தூரம் ஓட்டாதீர்கள். மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

டிபிஎஃப் என்பது சைலன்சர் குழாயில் இருக்கும் ஒரு தேன்கூடு மாதிரி. டீசல் கரியைப் பிடித்துவைக்கும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு அந்த இடம் 550, 600 டிகிரி சூடாக வேண்டும். 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, சும்மா நின்று ஓடும் இன்ஜினில் வரவே வராது. கரி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

கரி நிறைந்ததும் இன்ஜின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி அதை எரிக்கப் பார்க்கும். பாதியில் நீங்கள் மண்டி வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பிவிடுவீர்கள். நாளைக்கு நாலு தடவை இப்படி நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். குச்சியில் அளவு ஏறியது அதனால்தான். ஆயில் நீர்த்தால் டர்போவும் பேரிங்கும் தேயும். ஒரு லட்சத்தோடு போகாது.

ஆயில் வகையும் முக்கியம். இந்த வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் சிகே-4 அல்லது சி3 மாதிரி ஒரு குறி போட்டிருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். கரியை எரிக்கலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது. அது தேன்கூட்டிலேயே தங்கிவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு. அதிலிருந்து இரண்டு சின்னக் குழாய் போகும். அதில் ஒன்று வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ கணக்கே தப்பாகக் காட்டும். டர்போ குழாயில் காற்றுக் கசிந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரி அதிகமாகும். இதையெல்லாம் பார்க்காமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். சர்வீஸில் கரி அளவு, அழுத்த வித்தியாசம் இரண்டையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு லட்சம் கொடுக்காதீர்கள்.

கங்கைகொண்டான் லோடு:

உடைத்து எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். செய்யவே வேண்டாம். நிறுவனம் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அதன்பின் வருடா வருடம். அங்கே மாட்டினால் கழற்றிய பொருளுக்கு எங்கே போவீர்கள்? அதைவிட, பின்னால் நின்று தார் இறக்கும் ஆட்கள்தான் அந்தக் கரும்புகையைச் சுவாசிக்க வேண்டும்.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தது நல்ல காரியம். டீசலில் கந்தகம் 50 பிபிஎம்-லிருந்து 10-க்கு இறங்கியது. ஆனால் வண்டி விற்கிற இடத்தில் உங்களிடம் யாராவது, ஒரு நடை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் டீசல் வண்டியைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். மாதத் தவணையை மட்டும் பத்து நிமிடம் விளக்கினார்கள், இந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் மூன்று பேருக்கு இதே கதை.

அம்பை இலைக்கட்டு:

அண்ணாச்சி, நான் வாழையிலை வியாபாரம். என் ஓட்டமும் உங்களைப்போல குட்டி ஓட்டம்தான், சேரன்மாதேவியைத் தாண்டுவதே அபூர்வம். நான் சிஎன்ஜி எடுத்தேன், அதில் இந்த ஃபில்டர் கிடையாது. கேஸ் நிரப்ப வரிசையில் நிற்பதுதான் கஷ்டம். அடுத்த வண்டி எடுக்கும்போது மின்சார வண்டியையும் பாருங்கள். நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு அது போதும். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சார வண்டி ஆலை திறந்தார்கள், ஆனால் அங்கே முதலில் பூட்டியது வி.எஃப்.6, வி.எஃப்.7 கார்கள். நமக்கு வேண்டியது லோடு வண்டி.

பாளை பட்டறை:

அக்கா சொல்வது சரி, ஆனால் அண்ணாச்சிக்குக் கடன் இன்னும் முடியவில்லை. இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவோம். ஆயில் மாற்றி, குழாய்களைப் பார்த்து, இன்ஜின் விளக்கு அணைந்தபின் நாங்குநேரியில் நாலுவழிச் சாலை ஏறுங்கள். காவல்கிணறு வரை 60 வேகத்தில், ஒரு கியர் குறைத்து, 2,000 சுற்றுக்குக் குறையாமல், நிறுத்தாமல் போங்கள். வள்ளியூர் தாண்டி ஆடிக் காற்று எதிரே அடித்தால் இன்ஜினுக்கு வேலை கூடும், சூடும் சீக்கிரம் ஏறும். ஓட்டி முடித்த கையோடு தோட்டத்துக்குள் சருகு மேல் நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

களக்காட்டு வாழை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சென்சார் குழாயில் ஒன்று அடிப்பக்கம் வெடித்திருந்தது. பிரிண்ட் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் கீழே படுத்துப் பார்த்தார்கள். குழாய், ஆயில், ஆயில் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. காவல்கிணறு போய்த் திரும்பினேன். பணகுடி தாண்டும்போது மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி பழையபடி இழுக்கிறது.

லோடு ஏற்றும்போது இப்போது சாவி என் சட்டைப் பையில். வாரம் ஒரு தூர ஓட்டம் வேண்டும் என்பதால், ஏத்தன் தார் ஏற்றிக்கொண்டு வெள்ளனே நாகர்கோவில் அப்டா சந்தைக்கு ஒரு நடை போகத் தொடங்கியிருக்கிறேன். டீசல் காசு போக மிச்சமும் நிற்கிறது. பாளைத் தம்பி, களக்காடு வந்தால் வீட்டுக்கு வாருங்கள், ஒரு தார் எடுத்து வைக்கிறேன்.