பச்சை எண்ணெயும் அம்மாவின் பாதமும்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வலது கட்டைவிரலின் அடியில் செருப்பு உரசிப் புண்ணானது, தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. “வலித்தால் சொல்ல மாட்டேனா?” என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் யாருக்குப் புண் ஆறாவிட்டாலும் முதலில் வருவது மத்தன் தைலம்தான். மத்தன் என்றால் ஊமத்தை. பச்சைப் பசேலென்று இருப்பதால் பச்சை எண்ணெய் என்றே கேட்டு வாங்குவோம். துணியில் நனைத்து இரண்டு வேளை வைத்துக் கட்டினோம். நான்காம் நாள் நாற்றம் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். “சூடாகப் போட்டால்தான் உள்ளே இறங்கும்” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. இரும்புக் கரண்டியில் காய்ச்சி ஊற்றியது நான்தான். அம்மா முகம்கூடச் சுளிக்கவில்லை. டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொப்புளம்.

டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தை இடம் இடமாகத் தொட்டு, “தெரிகிறதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில்தான் அம்மா “ம்” என்றார்; மற்ற இடங்களில் சர்க்கரை நோயால் உணர்ச்சியே போயிருந்தது. “எண்ணெயைத் திட்டாதீர்கள், கரண்டியைத் திட்டுங்கள்” என்றார் டாக்டர். செத்த சதையை வெட்டி எடுத்து, இன்சுலின் தொடங்கி, முன்பாதம் தரையில் அழுந்தாத செருப்பும் போட்ட பிறகு, புண் மூட மூன்று மாதமாயிற்று.

*

எங்கள் தாத்தா நாகர்கோவில் பக்கம் வைத்தியர். அவர் காய்ச்சும் மத்தன் தைலத்துக்கு ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், துருசு என்கிற மயில்துத்தம், இவ்வளவுதான் சரக்கு. இறக்குவதற்கு முன் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார். படபடவென்று வெடித்தால் நீர் இன்னும் வற்றவில்லை என்று பொருள். ஆறவைத்துத்தான் கொடுப்பார். ஊமத்தையும் நஞ்சு, துருசும் நஞ்சு. வாய்க்குள் போகவே கூடாது. தடவிய கையோடு கண்ணைக் கசக்கிய பெரியம்மாவுக்குக் கண்மணி விரிந்து, அன்று முழுக்க வெளிச்சம் கூசியது. விரல் கறுத்திருந்தாலோ எலும்பு தெரிந்தாலோ தாத்தா தைலப் புட்டியைத் தொடவே மாட்டார். “பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறு” என்பார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போனதும் உண்டு.

*

என் மாமியாருக்கும் சர்க்கரை நோய்தான், ஆனால் புண் இல்லை, உள்ளங்கால் எரிச்சல்தான். இரவில் வேப்பெண்ணெய் தேய்த்துவிடுவேன். எரிச்சல் போனதா என்றால், இல்லை. ஆனால் தோல் வெடிப்பு குறைந்தது. விரல் இடுக்கில் எண்ணெய் தங்கிச் சேற்றுப்புண் வந்தது என் கவனக்குறைவு. இப்போது இடுக்கைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். அந்தச் சாக்கில் தினமும் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். போன மாதம் குதிகாலில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.