புதுப்பிப்பு: உப்பளப் பம்பு போல்ட்டில் துரு, ஜிங்க்-நிக்கல் முலாம் போட்ட பிறகு

தூத்துக்குடி உப்பளத்தில் மாட்டிய பம்புகளின் பிராக்கெட்டும் போல்ட்டும் சாதா ஜிங்க் முலாம் போட்டும் ஆறே மாதத்தில் துருப்பிடிக்கின்றன என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, 12 முதல் 15 சதவீதம் நிக்கல் கலந்த ஜிங்க் முலாம் போடச் சொன்னவரின் யோசனை. முலாம் கனத்தைக் கூட்டும் யோசனையையும் பார்த்தேன். துரு தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை.

10 மைக்ரான் கனம், மேலே பாசிவேஷன் (முலாமைக் காக்கும் மெல்லிய வேதிப் பூச்சு). 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசல் தெளிக்கும் சோதனையில் பழைய போல்ட் 200 மணி நேரத்திலேயே சிவந்துவிட்டது. புதியது 720 மணி நேரம் கழித்தும் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். உப்பளத்தில் மாட்டி இப்போது பதினோரு மாதம்; மரையிடுக்கில்கூடச் சிவப்பு இல்லை.

எதிர்பாராதது ஒன்று: முதல் லாட்டில் நட்டு பாதியிலேயே இறுகி நின்றது. மரையின் பக்கங்கள் சாய்வாக இருப்பதால் 10 மைக்ரான் முலாம் மரையின் பிட்ச் விட்டத்தில் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) 40 மைக்ரானாகக் கூடுகிறது. அதைக் கழித்து மரை வெட்டச் சொன்னதும் சரியானது.

அப்புறம், 12.9 தர (மிக உயர்ந்த வலிமை கொண்ட) ஆலன் போல்ட் வைத்திருப்பவர்களுக்கு: முலாம் போடும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும். அதை வெளியேற்ற, முலாம் போட்ட நான்கு மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள், பாசிவேஷன் அதன் பிறகுதான். எனக்கு இரண்டு போல்ட், முறுக்கி வைத்த மறுநாள் தலை தெறித்து விழுந்தது இந்த ஹைட்ரஜனால்தான்.