வீடு திரும்பிய தம்பிக்கு மறுவாழ்வு: செவிலியரின் பங்கு என்ன?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)
மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று என் தம்பி வீடு திரும்பியிருக்கிறான். ஆள் இல்லாமலே குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிக்கவும் சாப்பிடவும்கூட அம்மா பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோனவன், இப்போது திண்ணையை விட்டு இறங்குவதில்லை. மாதந்தோறும் ஊசி போடும் சிஸ்டரிடம் இதைக் கேட்கலாமா, மருத்துவரிடம்தான் கேட்க வேண்டுமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், சித்தூர்)
தாராளமாகக் கேளுங்கள், சகோதரி. ஊசி போடுவது அவர்கள் பணியில் ஒரு சிறு பகுதிதான். மாயக்குரல்களை மருந்து அடக்கும் அளவுக்கு, நோயால் வரும் முனைப்பின்மையை அடக்குவதில்லை. அதைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிடுவதுதான் வருத்தம். அதே சமயம், உடல் விறைப்பும் அதிகத் தூக்கமும் மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம் என்பதால், செவிலியர் முதலில் அதைக் கவனித்து மருத்துவருக்குத் தெரிவிப்பார்.

பிறகு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருவார். முதலில் அம்மாவுடன் சொசைட்டி வரை நடந்து வருவது, சில நாள் கழித்துப் பால் கேனைத் தூக்கிக்கொள்வது, பிறகு அளவு எழுதும் நோட்டைத் தானே நீட்டி வாங்குவது என்று போகலாம். அம்மாவிடமும் அவர் தனியாகப் பேச வேண்டும். ஏச்சும் குறைகூறலும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. எல்லாவற்றையும் தாமே செய்து கொடுக்கும் அளவுமீறிய பரிவும் அப்படித்தான்.

பதில் 2 (வேலந்தாவளம்)
நோய் முழுதும் குணமான பிறகு வேலைக்கு அனுப்புவதே நல்லது என்பது என் கருத்து. எங்கள் பெரியப்பா மகனை அவசரப்படுத்தியதில், அவர் மாத்திரையை நிறுத்தி மறுபடியும் படுத்துவிட்டார்.

பதில் 3 (ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், சித்தூர்)
அவசரம் கூடாது என்பதை முழுமனதாக ஏற்கிறேன், ஐயா. ஆயினும் முழுக் குணத்துக்குக் காத்திருந்தால் கையில் இருந்த பழக்கமும் நழுவிவிடும். உறக்கம் குறைவது, தனக்குத்தானே பேசுவது, மாத்திரை வேண்டாம் என்பது போன்ற முன்னறிகுறிகளைச் செவிலியரோடு சேர்ந்து எழுதி வைத்துக்கொண்டால், வேலையும் நடக்கும், எச்சரிக்கையும் இருக்கும்.

பதில் 4 (சமூகப் பணியாளர், பாலக்காடு)
2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டுள்ளது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதென்று சான்றிதழ் கிடைத்தால் பல உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் வழியைச் செவிலியரிடமே கேளுங்கள். இடையில் ஐயம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். அடுத்த ஊசி நாளில் தம்பியையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்று அவரே சொல்லட்டும்.