அப்பா 2003ல் அடித்த தமிழ் ஃபைல் வெறும் ஆங்கில எழுத்தாகத் திறக்கிறது. மீட்க வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை மகள்:
வணக்கம்ங்க. நாங்க பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலூகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பா இங்க தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல வாத்தியார். போன வருஷம் தவறிட்டார். ஊர் ஊராப் போய்ப் பாட்டிமார்கிட்டக் கேட்ட தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாத்தையும் 2003ல வீட்டுக் கம்ப்யூட்டர்ல அவரே அடிச்சு சி.டி.யில போட்டு வெச்சிருந்தார். 184 பக்கம். பேப்பர்ல எடுத்த பிரதியைக் கரையான் தின்னுருச்சு.

சி.டி.யில இருந்து பென்டிரைவுக்கு மாத்தி லேப்டாப்ல வேர்டுல திறந்தா ஒரு தமிழ் எழுத்துகூட இல்லைங்க. தலைப்பு ‘தமிழ்’னு ஆரம்பிக்கும், அது எனக்கு நல்லாத் தெரியும். அந்த இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு நிக்குது. டவுன்ல ஒரு டி.டி.பி. கடையில காட்டினேன். ஃபைல் கெட்டுப்போச்சு, புதுசாத்தான் அடிக்கணும்னாங்க. பார்த்து அடிக்கப் பேப்பர் எங்கங்க இருக்கு?

புத்தூர் ரயிலடி:
அக்கா, நான் ஆந்திரா புத்தூர்ல இருந்து. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஃபான்ட்டை லதான்னு மாத்திப் பாருங்க. எனக்கு ஒரு தடவை கட்டம் கட்டமா வந்தது அப்படித்தான் சரியாச்சு.

கொழிஞ்சாம்பாறை மகள்:
மாத்திப் பார்த்தேன் தம்பி. அதே ஆங்கில எழுத்துதான்.

கம்பம் டி.டி.பி.:
அம்மா, முதல்ல ஒண்ணு. மாத்தினதை சேவ் பண்ணியிருந்தா அந்தப் பிரதியை ஒதுக்கி வெச்சிருங்க. சி.டி.யில இருந்து புதுசா ஒரு பிரதி எடுத்து அதுல வேலை பாருங்க. எந்த ஃபான்ட்ல அடிச்சதுங்கிற பேரும் ஃபைலுக்குள்ளதான் இருக்கு, அதை அழிச்சிரக் கூடாது.

உங்க அப்பா அடிச்ச ஒரு எழுத்துகூடப் போகலம்மா. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு நீங்க சொன்னதுமே தெரிஞ்சிருச்சு, இது பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட். நான் 15 வருஷம் அதுலதான் கல்யாணப் பத்திரிகை அடிச்சேன். அதுல ஜே விசைக்கு ‘த’, கே-க்கு ‘ம’, பி-க்கு இகரக் கொக்கி, ஓ-க்கு ‘ழ’, அரைப்புள்ளிக்கு மெய்ப்புள்ளி. ஃபைலுக்குள்ள கிடக்கிறது அன்னைக்கும் ஆங்கில எழுத்துதான். அதுக்கு மேல பாமினி தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுச்சு. புது லேப்டாப்ல அந்தப் போர்வை இல்ல. இப்போ போன்லயும் நெட்லயும் ஓடுற யூனிகோடு குறியீடு அப்படி இல்ல, ‘த’வுக்குன்னே அதுல தனி எண் இருக்கு. 1991ல வந்த முதல் பதிப்புலயே தமிழ் உண்டு. விண்டோஸ் 2000ல லதா ஃபான்ட்டோட வந்தும் சேர்ந்திருச்சு. ஆனா கடைகள்லயும் பள்ளிக்கூடங்கள்லயும் அப்புறமும் ரொம்ப வருஷம் பாமினியும் அது மாதிரி ஃபான்ட்டும்தான் ஓடுச்சு. உங்க பக்கம் மலையாளத்துலயும் பழைய டி.டி.பி. ஃபைலுக்கெல்லாம் இதே கதைதான். கடைக்காரர் அதை யோசிச்சிருந்தா உங்களைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்.

ஃபைலைத் திறந்து பாட்டு வரியில கர்சரை வைங்க. மேலே ஃபான்ட் பெட்டியில என்ன பேர் இருக்கு? லேப்டாப்ல அந்த ஃபான்ட் இல்லாட்டியும் வேர்டு பேரைக் காட்டும்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
பாமினின்னே இருக்குங்கண்ணா! கை நடுங்குது.

குமுளிக்காரன்:
பாமினியை ஏத்தி, பிரின்ட் எடுத்து, போட்டோ பிடிச்சு கூகுள் லென்ஸ்ல எழுத்தை எடுத்தா போதுமே?

கம்பம் டி.டி.பி.:
பேப்பர் மட்டும் கையில இருந்தா அது சரிதான் தம்பி. எழுத்தே ஃபைல்ல இருக்கிறப்போ போட்டோ வழியாப் போனா புதுசாப் பிழை சேரும்.

அம்மா, பாமினி ஃபான்ட் ஃபைலை இறக்கி, அதுமேல வலது கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுங்க. ஃபைல் பேர் டி.டி.எஃப்.னு முடியணும். இ.எக்ஸ்.இ.ன்னு முடிஞ்சா தொடாதீங்க. ஏறினதும் பழைய ஃபைல் அப்பா பார்த்த மாதிரியே தெரியும். ஒப்பிட்டுப் படிக்க இது கட்டாயம் வேணும்.

அப்புறம் மாத்துற வேலை. பொங்குதமிழ் மாதிரி எழுத்துருமாற்றி ஏதாவது ஒண்ணுல பாமினியைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பத்துப் பக்கமா ஒட்டி மாத்துங்க. வர்ற யூனிகோடு எழுத்தைப் புது வேர்டு ஃபைல்ல ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ கொடுத்து ஒட்டி, நிர்மலா ஃபான்ட்ல வைங்க.

நடுவுல அப்பா ஆங்கிலத்துல ஏதாவது எழுதியிருந்தா அதுவும் தமிழ்னு நெனச்சு மாத்தி வெச்சிரும். அந்த வரிகளை விட்டுட்டு மாத்திட்டு, பின்னாடி கையால சேருங்க. ஆங்கில ஃபான்ட்ல போட்ட காற்புள்ளிகூட ‘இ’ன்னு வந்து நிக்கும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத பிழை. பாமினியில ‘ரி’, ‘ர்’ அடிக்க நாங்க பல பேர் ரகரத்துக்குப் பதிலா துணைக்காலைப் போட்டோம். பார்வைக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. சில மாற்றிகள் அதைத் துணைக்காலாவே விட்டுரும். புது ஃபைல்ல கன்ட்ரோல் எஃப் போட்டு ‘அரிசி’ன்னு தேடுங்க. கண்ணுக்குத் தெரியுற அரிசி தேடலுக்குச் சிக்கலைன்னா அதுதான் காரணம். ‘ா்’ இருக்கிற இடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ இருக்கிற இடமெல்லாம் ‘ரி’ன்னு ரீப்ளேஸ் ஆல் கொடுத்துரலாம்.

‘ௌ’ விஷயத்துல மட்டும் அப்படி மொத்தமா மாத்தாதீங்க. ‘மௌனம்’ங்கிறது ஒற்றைக்கொம்பும் ளகரமுமா ‘மெளனம்’னு வந்திருக்கும். அதைத் திருத்தப் போய் எல்லாத்தையும் மாத்தினா ‘வெள்ளம்’, ‘வெள்ளாமை’ எல்லாம் நாசமாயிரும். ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் மாத்தணும்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
மூணு ராத்திரி உட்கார்ந்தேங்கண்ணா. 171 பக்கம் வந்துருச்சு! துணைக்கால் பிழை மட்டும் 600க்கு மேல இருந்துச்சு. ஒப்பாரி இருக்கிற கடைசி 13 பக்கம் மட்டும் மாறலைங்க. அதுல சாதாரண ஆங்கில எழுத்துக்குப் பதிலா தலையில கோடும் புள்ளியும் வெச்ச எழுத்தா இருக்கு.

கம்பம் டி.டி.பி.:
அது பாமினி இல்லம்மா, வேற குறியீடு. ஃபான்ட் பேர் டி.எஸ்.சி.ன்னு தொடங்கினா மாற்றியில டிஸ்கி, டி.ஏ.பி.ன்னு தொடங்கினா டாப். டாப் 1999ல சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது. ரெண்டுல எதுன்னு தெரியலைன்னா ரெண்டையும் போட்டுப் பாருங்க, சரியானது ஒரு வரியிலயே தெரிஞ்சிரும்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
டிஸ்கிங்கண்ணா. முழுசா வந்துருச்சு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், நடவுப் பாட்டுல ரெண்டு வரி அவங்களே சேர்ந்து பாடினாங்க. ‘மொளகா’, ‘வெசனம்’ எல்லாத்துக்கும் அடியில வேர்டு சிவப்புக் கோடு போடுது. அது அப்பா கேட்டபடியே அடிச்சதுங்க, தொட மாட்டேன்.

நீங்க சொன்ன மாதிரியே நடுவுல ஆங்கிலக் குறிப்பு இருந்துச்சு. ‘டேப் 3, சைடு பி’ன்னு. பீரோவைக் கொடைஞ்சதுல அஞ்சு கேசட் கிடைச்சிருக்கு. அதைக் கம்ப்யூட்டர்ல எப்படி ஏத்தறதுன்னு தனியாக் கேக்கறேன், நீங்களும் வந்து சொல்லணும்ங்கண்ணா.