மறுமொழி: கலைச்சொல் வேண்டல் – ‘பங்காளிக் குரோமோசோம்’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ‘ஓமியோலாகஸ் (homoeologous) குரோமோசோம்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதில்களில் ஒன்று இது:

> ஓமியோலாகஸ் குரோமோசோமுக்குப் ‘பகுதியொத்த குரோமோசோம்’ போதுமே. ‘ஒத்த குரோமோசோம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

கோவை ஐயாவின் இந்தச் சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். வாய்க்கு வருகிறது, எழுதவும் எளிது. ஆனால் அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. நமக்குச் சொல்ல வேண்டியது அளவை அல்ல, உறவை. ஒரே மூதாதையிடமிருந்து வந்து, இரண்டு இனங்களாகப் பிரிந்து, நெடுங்காலம் கழித்து ஒரே செல்லுக்குள் மீண்டும் வந்து சேர்ந்தவை இந்தக் குரோமோசோம்கள். இந்த வரலாறு ‘பகுதி’ என்ற சொல்லுக்குள் இல்லை.

என் பரிந்துரை ‘பங்காளி’. பங்காளிக் குரோமோசோம், பங்காளி மரபணு. எங்கள் ஊர்ப் பாசத்தால் சொல்லவில்லை. பருத்தியை வைத்துச் சொல்கிறேன், பாருங்கள்.

நம் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். இன்று உலகில் விளையும் பருத்தியில் சுமார் 90 சதவீதம் வேறோர் இனம், கோசிப்பியம் இர்சூட்டம். அதற்கு 52. இந்த 52-இல் பாதி, கருங்கண்ணியின் உறவான பழைய உலகப் பருத்தியின் வழி. அதை ‘ஏ’ என்பார்கள். மறுபாதி அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் வழி, அது ‘டி’. இரண்டு வழிகளும் பிரிந்து 50 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் வரை ஆகியிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவை மீண்டும் ஒன்று சேர்ந்தது 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க மண்ணில். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாகப் பருத்தியின் பன்மடியத்தை (ஒரே செல்லில் பல குரோமோசோம் தொகுதிகள் இருப்பதை) ஆராய்ந்த ஜொனாதன் வெண்டல், அந்தச் சேர்க்கையில் தாயாக இருந்தது பழைய உலகப் பருத்தியே என்று 1989-இல் காட்டினார். அதாவது ஒரு வழி கடல் கடந்து போய், அங்கே இருந்த தன் பங்காளியோடு ஒரே கூரைக்குள் குடியேறியிருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

> ஆனால் பங்காளிகளுக்குள் கல்யாணம் கிடையாதே? இங்கே இரண்டு இனமும் கலந்துதானே புதுச் செடி வந்தது?

மதுரை அக்கா கேட்டிருக்கும் இந்தக் கேள்விதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. சொல்லுக்குத் தடையாக வந்த கேள்வி அது. யோசிக்க யோசிக்க அதுவே சொல்லுக்குப் பலமாகிவிட்டது.

கலந்தவை செடிகள். குரோமோசோம்கள் கலக்கவில்லை. முதற்கலப்பில் ‘ஏ’ 13, ‘டி’ 13, ஆக 26 குரோமோசோம்கள் ஒரே செல்லுக்குள் வந்தன. இனச்செல் உருவாகும் குன்றல் பிரிவில் ஒவ்வொன்றும் தன் இணையைத் தேட வேண்டும். இணை இல்லை. பக்கத்தில் நிற்பது பங்காளி, அதோடு முறையாகச் சேர முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட கலப்புச் செடிகள் பெரும்பாலும் மலடாகப் போகின்றன. மொத்தத் தொகுதியும் ஒருமுறை இரட்டித்து 52 ஆனதும், ‘ஏ’யில் ஒவ்வொன்றுக்கும் ‘ஏ’யிலேயே இணை, ‘டி’யில் ஒவ்வொன்றுக்கும் ‘டி’யிலேயே இணை. 26 ஜோடி. செடி காய்த்தது.

கோதுமையில் இது இன்னும் தெளிவு. ரொட்டிக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள், மூன்று வழிகள். மூன்று பங்காளிகள் ஒரே செல்லில் இருந்தும் அவை தங்களுக்குள் இணைவதில்லை. ‘பி’ வழியின் ஐந்தாம் குரோமோசோமில் (5பி) உள்ள பிஎச்1 என்ற மரபணு இடம் அந்த இணைவைத் தடுக்கிறது என்று 1958-இல் கண்டறிந்தார்கள். அதை நீக்கினால் முறை தவறி இணைகின்றன. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை என்ற எங்கள் நகரத்தார் வழக்கத்தை இதைவிடத் துல்லியமாக ஒரு தாவரம் எழுதிக் காட்ட முடியாது. ‘பகுதியொத்த’ என்ற சொல்லிலிருந்து ஒரு மாணவனுக்கு இந்த விதி தெரியுமா? ‘பங்காளி’ என்றால் கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

மரபணு அளவிலும் சொல் நிற்கிறது. நான் பிறந்த வீட்டில் வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றி ஆறு புள்ளிகளுக்கு, அதாவது மணமான ஆறு குடும்பங்களுக்கு, அறைகள். கல்யாணம் ஆனதும் மகனை ‘வேறு வைத்துவிடுவார்கள்’. வீடு ஒன்று, அடுப்பு வேறு. மூன்றாம் கட்டில் வரிசையாக அடுப்புகள் இருந்தன. எந்நாளும் ஆறும் எரிந்ததாக எனக்கு நினைவில்லை. சில நாள் பெரியாத்தாள் அடுப்பு அணைந்திருக்கும், சாம்பல் மேல் பூனை படுத்திருக்கும். அன்று அவர்களுக்கும் சேர்த்து அப்பத்தாள் உலை வைப்பாள். இன்னொரு நாள் நிலைமை மாறியிருக்கும். வெண்டலும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் பருத்தியில் கண்டது கிட்டத்தட்ட இதுதான். ஒரே மரபணுவின் இரண்டு பங்காளி நகல்களில், ஓர் உறுப்பில் ஒன்று அடங்கிக் கிடக்கிறது; வேறோர் உறுப்பில் மற்றது அடங்குகிறது. பூவின் பாகங்களுக்குள்ளேயே கூட அப்படி. இரண்டும் அழியவில்லை, வேலையைப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

‘தாயாதி’ என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருக்கிறார். பொருள் சரியே. ஆனால் படிப்பவர் காதில் ‘தாய்’ என்று விழும், தாய்வழி மரபுரிமை என்று குழம்புவார்கள். பருத்தியில் தாய்வழி என்பது தனியாகவே பேச வேண்டிய விஷயம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

அறிவியலுக்குள் உறவுமுறைச் சொல் வரலாமா என்ற தயக்கத்துக்கு நெடிய பதில் வேண்டாம். சேய்செல் என்று எழுதுகிறோம், சகோதரி குரோமாட்டிடு என்று எழுதுகிறோம். பங்காளி மட்டும் வாசலில் நிற்பானேன்?

இனி, சொல் கிளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண்புக்குப் பங்காளிமை, முறை தவறிய சேர்க்கைக்குப் பங்காளி இணைவு. இரு வழிகளுக்கிடையே துண்டுகள் இடம் மாறினால் பங்காளி மாற்று. பொருந்தாத இடத்தில் சொல் தானே ஒதுங்குகிறதா என்பதும் முக்கியம். கேவண்டிஷ் வாழை ஏஏஏ (வாழையின் மூன்று குரோமோசோம் தொகுதிகளை இப்படி எழுதுவார்கள்; இந்த ‘ஏ’ பருத்தியின் ‘ஏ’ அல்ல). மூன்றும் ஒரே வழி, எனவே அங்கே பங்காளி என்ற பேச்சே வராது. ரஸ்தாளி ஏஏபி, ‘ஏ’யும் ‘பி’யும் பங்காளிகள். பந்தியில் நாம் கூட்டு வைக்கும் மொந்தன் ஏபிபி, அங்கும் உண்டு. ஓரினப் பன்மடியத்தையும் கலப்பினப் பன்மடியத்தையும் பிரித்துக் காட்டும் வேலையையும் இந்தச் சொல்லே செய்துவிடுகிறது. நான் எதிர்பார்க்காத லாபம் இது.

ஒரே ஓர் இடத்தில் தயங்குகிறேன். இலங்கைச் செய்திகளில் ‘பங்காளிக் கட்சிகள்’ என்று படிக்கிறேன். அங்கே அது கூட்டுச் சேர்ந்த கட்சி. அப்படியானால் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் ‘பங்காளிக் குரோமோசோம்’ என்று படித்தால், கூடி வேலை செய்யும் குரோமோசோம் என்று எடுத்துக்கொள்வாரா, ஒரே மூதாதையின் வழி வந்தது என்று எடுத்துக்கொள்வாரா? குழுவில் இருக்கும் இலங்கை நண்பர்கள் இதற்குப் பதில் சொன்ன பிறகே சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.